ஐந்தாவது டிக்கெட்

காரைக்குடி ஜங்ஷனில் ஏற்றினால்
முதலில் பிள்ளையார்பட்டி, அப்புறம் குன்றக்குடி,
மயில் நின்றால் ஐந்து நிமிடம் அதிகம்.
ஆத்தங்குடியில் தரைக்கல் விலை கேட்பார்கள்,
வாங்க மாட்டார்கள்.
பதினொரு மணிக்குக் கானாடுகாத்தான்.

ஸ்டியரிங்கில் கை, பின்சீட்டுக்கு வாய்.
"இந்தச் சுவரில் முட்டை வெள்ளைக்கரு பூசியிருக்கு சார்,
தொட்டால் பட்டுத்துணி" என்பேன்.
"தூணெல்லாம் பர்மாத் தேக்கு,
கடலில் மிதந்து வந்தது" என்பேன்.
எத்தனை தூண் என்று கேட்டால்
நாற்பத்தெட்டு.
எண் சொல்லும்போது தயங்கக் கூடாது.
தயங்கினால் டிப்ஸ் குறையும்.

உள்ளே நான் போனதில்லை.
ஆளுக்கு ஐம்பது ரூபாய்.
டிரைவருக்கு வேப்பமரம் இலவசம்.

மரத்தடியிலிருந்து பார்த்தால்
நிலைக்குள் நிலை, அதற்குள் நிலை,
கடைசியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு வெளிச்சம்.
விளக்கா, முற்றமா, சாமி அறையா?
பதினொரு வருடமாகக் கேட்கவில்லை.
எல்லாம் தெரிந்தவன் போல் பேசிவிட்டால்
யாரிடமும் எதையும் கேட்க முடியாது.

போன தை மாதம் ஈரோட்டு டாக்டர் குடும்பம்.
சூசை ஐந்து டிக்கெட் கிழித்த பிறகு
மகள் இறங்க மாட்டேன் என்றுவிட்டாள்.
"எல்லா வீடும் ஒரே மாதிரிதான் இருக்கு.
ஏசிய ஆஃப் பண்ணாதீங்க அங்கிள்."
கிழித்த டிக்கெட்டுக்குச் சூசை காசு திருப்ப மாட்டார்.
டாக்டர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"நீங்க வாங்களேன்."

செருப்பைக் கழற்றினேன்.
என் குதிகால் இவ்வளவு வெடித்திருப்பது
அந்தத் தரையில் நடந்தபோதுதான்
எனக்கே கேட்டது.

யாரும் பார்க்காதபோது சுவரைத் தொட்டேன்.
பட்டுத்துணி இல்லை.
காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றி.

தூண்களை எண்ணினேன். முப்பத்தாறு.
பின்னாலிருந்து முன்னால் எண்ணினாலும் முப்பத்தாறு.
பன்னிரண்டை நானே நட்டிருக்கிறேன்,
அதுவும் பர்மாத் தேக்கில்.
"நாற்பத்தெட்டுன்னீங்களே?" என்றார் டாக்டர்.
"மிச்சம் பூட்டின பக்கம் சார்."

பூட்டின பக்கம் நிறைய இருந்தது.
அறைக்கு ஒரு பங்காளி, பங்காளிக்கு ஒரு பூட்டு.
ஒரு சாவி பினாங்கில், ஒன்று மதுரைக் கோர்ட்டில்,
ஒன்று எங்கே என்று பூட்டுக்கே தெரியாது என்றார் சூசை.

இரண்டாம் முற்றத்துக் கொடியில்
சூசை மகனின் பள்ளிக்கூடச் சட்டை காய்ந்தது.
டாக்டர் மனைவி அதை ஒதுக்கிவிட்டுப் படம் எடுத்தார்.
எடுத்து முடித்து
பழைய இடத்திலேயே தள்ளி வைத்தார்.

நான் நிற்கவில்லை.
வெளிச்சத்தைப் பார்த்தே நடந்தேன்,
சாப்பாட்டுக் கட்டு, சமையல் கட்டு,
ஒருவர் மட்டும் குளிக்கும் அளவுக்குத் தொட்டி,
கடைசி நிலை.

தீப்பெட்டி
அடுத்த தெரு.
அவ்வளவுதான்.
ஒரு கேஸ் வண்டி. கூடத்தில் என்ன வேலை உனக்கு
என்பது போல் பார்த்த நாய்.
கொஞ்சம் சிரிப்பு வந்தது எனக்கு.

திரும்பினேன்.

நிலைக்குள் நிலை, அதற்குள் நிலை,
இவ்வளவு நீள இருட்டும் கூடிப் பிடித்து நிறுத்திய
சின்னச் சதுரத்தில்
வேப்பமர நிழல். என் வெள்ளை வண்டி,
இன்னும் ஒன்பது தவணை பாக்கி.
அந்தப் பெண் முன்சீட்டுக்கு மாறியிருந்தாள்.
முகம் தெரியவில்லை அவ்வளவு தூரத்தில்.
கை மட்டும் இடம் வலம், இடம் வலம்,
நிற்கிற வண்டியை
எந்த ஊருக்கோ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன பார்க்கறீங்க?" டாக்டர் பக்கத்தில் வந்தார்.
"வண்டி நிழல்ல நிக்குதான்னு" என்றேன்.

சாலைக்கு வந்ததும் அவள் கேட்டாள்,
"உள்ள என்ன அங்கிள் இருந்துச்சு?"
கண்ணாடியில் பார்த்தால் நாலு பேரும் காத்திருந்தார்கள்.
தேக்கு, முட்டை, கப்பல்
எல்லாம் நாக்கு வரை வந்தது.
"காத்து" என்றேன். "நல்ல காத்து."

திருமயம் கோட்டை தெரிந்தது.
மேலே எத்தனை படி என்றார் டாக்டர்.
ஏறியதில்லை சார் என்றேன்.
அன்றைக்கு டிப்ஸ் கிடைக்கவில்லை.

என் சீட் நாலு விரல் முன்னால் நகர்ந்திருந்தது.
முழங்கால் இடித்துக்கொண்டே இருந்தது.
புதுக்கோட்டை வரை
நகர்த்தாமல் ஓட்டினேன்.