முப்பத்தெட்டு ஹெர்ட்ஸ்

வூச் நகரத்து ஜனவரி, ஆறாவது மாடி.
கான்கிரீட் பலகைகளை
அட்டைப்பெட்டி போல ஒட்டிக் கட்டிய வீடு.
கீழே டிராம் திரும்பும்போது
அலமாரிக் கண்ணாடிக்கு முதலில் தெரியும்,
பிறகுதான் காதுக்கு.

மூன்று மாதமாக ஒரே வழக்கு.
சுவரோரச் சோபாவில் நான்:
பேஸ் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருக்கிறது,
எழுந்து அடிக்கமாட்டேன் என்கிறது.
நடு அறை மேசையில்
யாருடைய வரிக் கணக்கிலிருந்தோ தலை தூக்காமல் யாகோடா:
பேஸா? போட்டிருக்கிறாயா என்ன?

எனக்குக் கேட்பது அவளுக்குக் கேட்கவில்லை என்பதை
நான் வேறு எதற்கோ எடுத்துக்கொண்டேன்.
அவளும் எடுத்துக்கொண்டிருப்பாள்.

குமிழைத் திருகினேன். இன்னும் மூன்று டெசிபல்.
குத்து கேட்டேன்,
வீக்கம் வந்தது.
கீழ்வீட்டு குல்பா துடைப்பக்கட்டையால்
கூரையில் பதில் சொன்னார்.
அவருடைய குத்து என்னுடையதைவிடச் சுத்தம்.

சனிக்கிழமை, கடன் வாங்கிய மைக்.
இருபதிலிருந்து நூற்றிருபது வரை
ஒரு நீண்ட முனகலை அறைக்குள் ஏற்றினேன்.
என் சோபாவில் வைத்தபோது திரையில் ஒரு மலை:
முப்பத்தெட்டு ஹெர்ட்ஸில், பன்னிரண்டு டெசிபல்.
அவள் நாற்காலியில் வைத்தேன்.
அதே முப்பத்தெட்டு.
கிணறு.

நாலரை மீட்டர் அறை. அந்த அலை
சுவருக்குச் சுவர் முட்டி
ஓரங்களில் குவிந்து
நடுவில் இல்லாமல் போகிறது.
இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

கூட்டுவதற்காகத் திறந்த ஈக்வலைசரில்
கழித்தேன். முப்பத்தெட்டில், குறுகலாக, ஒன்பது.
அப்புறம்தான் ஐம்பத்தைந்தும் அறுபதும் தலை காட்டின,
வாசலை அடைத்து நின்ற தடியன்
ஒதுங்கியதும் உள்ளே வருகிறவர்கள் போல.
கிக் டிரம் வந்தது.
அடித்தது.
போய்விட்டது.
அந்தப் போய்விட்டதுக்குத்தான் இத்தனை பாடு.
நெஞ்செலும்பில் யாரோ சுண்டிய இடம் மட்டும் மிச்சம்.

கிணற்றில் எதைக் கொட்டியும் நிரம்பவில்லை.
பத்து டெசிபல் கொட்டினேன், ஸ்பீக்கர் இருமியது.
மேசையை நகர்த்தலாமா என்று கேட்டேன்.
ஜன்னல் வெளிச்சம் இங்கேதான் விழுகிறது என்றாள்,
நாலு மணிக்கு இருட்டுகிற ஊரில்
உன் முப்பத்தெட்டை வைத்து நான் என்ன செய்ய.

இரவு பேனாவை மூடிவிட்டு வந்து
என்னை ஒட்டி, சுவரோரம் உட்கார்ந்தாள்.
ஒரு பாட்டு முழுக்க ஒன்றும் பேசவில்லை.
இவ்வளவுதானா? என்றாள்.
இவ்வளவுதான் என்றேன்.
இன்னொன்று போடு.

திங்கட்கிழமை லிஃப்டில் குல்பா.
அந்தச் சனியனை விற்றுவிட்டீர்களா?
இல்லை, இப்போதுதான் ஒழுங்காக அடிக்கிறது.
அவர் நம்பவில்லை.
தெருவில் டிராம் திரும்பியது.
லிஃப்ட் கண்ணாடியில் எங்கள் இருவர் முகமும்
லேசாக நடுங்கின, ஒரே அளவில்.