மதா

பிரிஸ்டலில், பார்ட்டன் ஹில்லின் பதினான்கு மாடிக் கட்டடத்தில்
பகலெல்லாம் லிஃப்ட் பழுது பார்க்கிறேன்.
இரவில் பாட்டைப் பழுதாக்குகிறேன்.

தர்மக் கடையில் ஐம்பது பென்ஸுக்குக் கிடைத்தது.
உறையில் மஞ்சள் மழைக்கோட்டுப் பெண், பின்னால் ஒரு துறைமுகம்,
எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் அவள் பெயர்.
ஊசியை வைத்தேன்.
வயலின்கள், மேலும் வயலின்கள்,
யாருக்கோ கல்யாணம் என்பதுபோல் வயலின்கள்.
எல்லாரையும் இறக்கிவிட்டேன்.
டிரம்மைக் கழற்றினேன். சரணத்தை வெட்டினேன்.
மிஞ்சியது
அவள் மூச்சிழுக்கும் சத்தமும்
அதையடுத்து ஒரே ஒரு சொல்லும்:
மதா.

எங்கள் வீட்டுப் பேச்சில் அம்மாவை
ஏறக்குறைய அப்படித்தான் சொல்வோம்,
கிங்ஸ்டனிலிருந்து பெட்டியோடு வந்த சொல்.
ஆகவே அடியில் அம்மாவின் இசைத்தட்டையே வைத்தேன்.
ஞாயிற்றுக்கிழமை துணி தேய்க்கும்போது அவள் போடும் சோல் பாட்டு.
இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் ஓரம் நெளிந்தது;
சுற்றுக்கு ஒருமுறை சுருதி
மயங்கி விழுந்து எழும்.
அந்த மயக்கத்தை மட்டும் எடுத்துப்
பாதி வேகத்தில் ஓடவிட்டேன்.
பேஸ்? கீழ்வீட்டு மீன்தொட்டியில்
வளையம் வரும் அளவுக்கு.

எதிரொலிக்கு இயந்திரம் வாங்கவில்லை.
ஒன்பதாம் மாடிக் கதவைத் திறந்து
லிஃப்ட் குழிக்குள் ஒலிபெருக்கியைத் தொங்கவிட்டேன்.
மதா
          தா
                    ஆ
கேபிளில் உரசி, கிரீஸில் வழுக்கி,
அடியில் தேங்கிய மழைநீரைத் தொட்டு
குரல் மேலே திரும்பி வந்தபோது
அதற்கு வயதாகியிருந்தது.

போனில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன்.
ஆறு நிமிஷம் பொறுமையாகக் கேட்டாள்.
"பாட்டுக்காரியை எங்கேடா ஒளித்துவைத்தாய்?
பாவம், வாயைத் திறந்தாள். மூடிவிட்டாய்."
பிறகு,
"கீழே ஓடுவது என் தட்டுதானே? திருப்பிக் கொடு."

லிஃப்டை நிறுத்தியதற்குத் திட்டத்தான் வந்தாள்
பதினோராம் மாடி மிசாவோ.
ஒன்பது மாடி ஏறிய மூச்சு,
கையில் வெங்காயத்தாள் நீட்டிக்கொண்டிருக்கும் பை.
குழிக்குள் எட்டிப் பார்த்தபடி நின்றுவிட்டாள்.
"இது எங்கள் சொல்."
அம்மாதானே, என்றேன்.
"இல்லை. 'இன்னும்'."
இன்னும் என்றால்?
"இன்னும் இருக்கிறேன் என்றும் வரும்.
இன்னும் வரவில்லை என்றும் வரும்.
பின்னால் வருவதைப் பொறுத்தது.
அதைத்தான் நீ வெட்டிவிட்டாயே."

முழுப் பாட்டும் மேலே என் அறையில் இருக்கிறது.
ஊசியை ஒரு நூலிழை நகர்த்தினால் தெரிந்துவிடும்,
மழைக்கோட்டுப் பெண் அந்தத் துறைமுகத்தில்
இருந்தாளா, வந்துசேரவே இல்லையா என்று.
சொன்னேன்.
மிசாவோ பையைக் கீழே வைத்துவிட்டுப்
படியில் உட்கார்ந்தாள்.
"முதலில் இதை இன்னொரு தடவை போடு."

அதெல்லாம் மார்ச்சில்.
அம்மாவின் தட்டை
இன்னும் திருப்பித் தரவில்லை.