டச்

செவ்வாய்ப்பேட்டையில் இந்த வார்த்தைக்கு
ஒரே அர்த்தம்தான்:
கட்டியில் எத்தனை பங்கு வெள்ளி.
ஓரத்தில் கொஞ்சம் சுரண்டி உருக்கிப் பார்த்து
மாதேசன் சீட்டில் எழுதுவார்,
எழுபத்தெட்டு, எண்பது.
அதற்கு மேல் பேச்சில்லை.

என் முழங்கையிலும் வெள்ளிதான் உதிர்ந்தது.
கொலுசுப் பட்டறையின் தரையைக் கூட்டி
தூள் சலிக்கிற சனிக்கிழமை
"உன் பக்கத்து மண்ணைத் தனியாய் வை" என்றார்கள்.

டாக்டரம்மா கண்ணாடிச் சில்லின் விளிம்பால்
மெல்லச் சுரண்டினார்.
மெழுகாய் உதிர்ந்தது, இன்னும் உதிர்ந்தது,
அடியில் ஊசிமுனை ஊசிமுனையாய்ச் சிவப்பு.
அநேகமாய் அதுதான், என்றார்.
படர்தாமரை இல்லையென்று தெரியவேண்டும்.
செதிலைக் காரத்தில் ஊறவைத்துப் பார்த்தார்கள்,
பூஞ்சை இல்லை.
ரத்தத்தைக் கேட்டால் பெயர் சொல்லாதாம் இந்த நோய்க்கு.
பென்சில் தண்டின் அகலத்தில் தோல் ஒரு துண்டு,
ஒரு தையல்.
மூடி இறுகிய குப்பிக்குள்
ஒன்பது நாள் மிதந்தேன்.

சொரியாசிஸ்.
பேரிலேயே சொறி இருக்குதே, என்றாள் நாத்தனார்.
நாலு ரோட்டு லேபில் ஷமீமிடம் கேட்டேன்:
ஒட்டாது என்று அச்சடித்துத் தருவீர்களா?
அந்த டெஸ்ட் எங்ககிட்ட இல்லையே அக்கா.

மாத்திரை தருமுன்
ஈரல், சிறுநீரகம், அணுக்கள்,
காமாலைக் கிருமி, நெஞ்சுக்கு ஒரு படம்.
கர்ப்பமில்லை என்பதற்கும் ஒரு சோதனை.
பாய் இரண்டாகி வருஷம் ஒன்றாகிறது,
என்னைக் கேட்டிருந்தால்
நூற்றிருபது ரூபாய் மிச்சம்.

ஞாயிறு மட்டும்தான் மாத்திரை.
தினம் போட்டால் உயிருக்கே ஆபத்து, என்றார்.
காலண்டரில் ஏற்கெனவே சிவந்த தேதிகளை
நானும் ஒருமுறை சிவப்பில் வட்டமிட்டேன்.

மூன்றாம் மாதம் ஈரலின் எண்
முப்பத்தொன்றிலிருந்து எழுபத்தாறு.
கட்டிக்கு ஏறினால் விலை ஏறும்.
எனக்கு ஏறியதால் மாத்திரையில் பாதி குறைந்தது,
அப்போதுதான் இடது முழங்கை
சேலையில் சிக்காமல் இருக்கப் பழகியிருந்தது.
மறுபடி இரண்டு வாரத்தில் வா,
வெறும் வயிறு, காலை ஏழு மணி.

ஏழுக்கு நான்தான் முதல் ஆள்.
பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு
கையுறை மாட்டுமுன்
ஷமீம் வெறும் விரலால் நரம்பு தேடுவாள்.
செதிலின் மேலேயே அழுத்தி,
இங்க இல்ல,
இன்னும் கொஞ்சம் கீழ,
இங்கயும் இல்ல.

மெதுவாப் பாரும்மா, என்கிறேன்.
பட்டறை ஒன்பது மணிக்குத்தான்.