எட்டில் மூன்று

மெலிங்கா நிலையத்திலிருந்து இர்மாவின் குரல்:
"மேகம் எட்டில் மூன்று. மேல்காற்று."
எட்டாக அறுத்த ரொட்டியில்
மூன்று துண்டு மேகத்துக்கு,
மீதி ஐந்து எனக்கு.
கண்ணால் பார்த்துப் பறக்கிறவளுக்கு
ஐந்து என்பது செல்வம்.

கெய்யோன் கரை பின்னால் போனது.
ஏறினேன், மேகங்களுக்கு மேலே.
இந்த நாட்டில் சூரியன் வடக்கே நிற்கும்;
தெற்கே போகிறவள் தன் நிழலையே துரத்த வேண்டும்.
வெள்ளைமேல் ஓடுகிறது ஒரு சின்னச் செஸ்னா,
சுற்றிலும் வானவில் வளையம்,
புனிதர் படத்தில் இருப்பதுபோல.
எனக்குச் சிரிப்பு வரும்.
அந்தப் புனிதருக்கு
இன்னும் முப்பத்தொரு தவணை பாக்கி.

பக்கத்தில் அன்செல்மோ ரெமோல்கோய்,
சால்மன் கூண்டுகளில் முக்குளிப்பவர்.
கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய இடத்தில் பஞ்சு.
கடைசியாக எப்போது மூழ்கினீர்கள் என்று கேட்டதற்கு
மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக் காட்டினார்:
மூன்று நாள்.
சரி, பறக்கலாம்.

தூரத்தில் எந்த மேகக்கூட்டமும் மூடிய கதவுதான்;
தலைக்கு மேல் போன பிறகே இடைவெளி தெரியும்.
அதனால் முதலில் நான் நம்பவில்லை.
பிறகு நேர் கீழேயும் வெள்ளை.

"நான்கு" என்றாள் இர்மா.
கொஞ்சம் கழித்து, கேட்காமலே,
"ஐந்து. மிரேயா, ஐந்து."
வழக்கமாக அவள் விமானத்தின் எண்ணைத்தான் சொல்வாள்,
என் பெயரை அல்ல.

மேகத்துக்கும் எனக்கும்
பக்கவாட்டில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர்,
மேலும் கீழும் முந்நூறு.
இது ஏன் என்று எனக்குத் தெரியும்.
பயிற்சியில் ஒருநாள் என் பார்வையை மறைத்தார்கள்.
நேராகத்தான் போகிறேன் என்று சத்தியம் செய்திருப்பேன்;
மறைப்பை எடுத்தபோது
கடல் சன்னலில் செங்குத்தாக நின்றது.
காதுக்குள் இருக்கிற நீர் பொய் சொல்லும்,
அதையும் நம் குரலிலேயே சொல்லும்.

இடப்புறம் கோர்கோவாடோ சிகரம் மட்டும் வெளியே,
பால்சட்டியில் மறந்துவிட்ட கரண்டியின் காம்பு.
அது தெரிகிறவரை எனக்கு இடம் வலம் உண்டு.
எரிபொருள் ஊசி பாதிக்கு மேல்.
திரும்பிவிடலாம்.
இறக்கையைச் சாய்க்கத் தொடங்கிவிட்டேன்.

அவர் என் சட்டைக்கையைத் தட்டினார்.

வலப்புறம், கீழே, ஒரு கிழிசல்,
ஒரு குடா அகலம் இருக்கும்.
அடியில் சாம்பல் நீரில் பன்னிரண்டு வட்டங்கள்,
ஆறு ஆறாக.
கடைசி வட்டத்தில் மட்டும் சிவப்பு மிதவை.
இல்லாத ஊசியை விரல்களில் பிடித்து
காற்றில் நாலு தையல் போட்டுக் காட்டினார்:
கடல்சிங்கம் கிழித்த வலை,
போன வாரம் பதினெட்டு மீட்டர் ஆழத்தில் அவர் தைத்தது.
இதைவிட நல்ல வரைபடம்
யாரும் எனக்குத் தந்ததில்லை.

கிழிசலின் நடுவில் வட்டமிட்டு இறங்கினேன்.
தூரத்தில் வெள்ளைச் சுவர்கள் மெல்ல உயர்ந்தன.
நிழலும் வளையமும் மேலேயே நின்றுவிட்டன.
நான் கீழே பார்த்தேன்,
அவர் மேலே.
வெளிச்சம் நுழைகிற வாய்
சிறுத்துக்கொண்டே போவதை
வேலைநாள்தோறும் பார்க்கிறவரின்
அவசரமில்லாத கண்கள்.

அடியில் தூறல். தகரக் கூரைகள்.
பக்கத்திலேயே ஈரமான ஓடுபாதை, முழு நீளமும் தெரிய.
"பார்வையில் இருக்கிறது" என்றேன்.
எதிர்முனையில் ஒரு மூச்சு கேட்டது.
பிறகு இர்மா மறுபடி
என் எண்ணைச் சொல்லி அழைத்தாள்.