நான்காவது கட்டம்

அறிக்கைப் படிவத்தில் நான்கு கட்டங்கள்.
இயற்கை. விபத்து. வேண்டுமென்றே.
நான்காவது, தீர்மானிக்கப்படவில்லை.
அதில் நான் பேனா வைத்ததை
ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

யார்க்டனில் பிப்ரவரி மாதம்.
பிட்ஸ்கால்னியின் தளவாடக் கடை
எரிந்து முடிந்து பனி மாளிகையாய் நின்றது.
அணைக்க அடித்த தண்ணீரெல்லாம் உறைந்து
ஜன்னல்களில் விழுதுவிட்டிருந்தது.
முதலில் பனியை வெட்டினோம்,
பிறகு கரியை.
மாடியில் குடியிருந்த நைகார்ட் கிடைத்தார்,
கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில்.

எனக்குக் கற்பித்தது எல்லாமே அங்கே இருந்தது.
கட்டையில் முதலைத்தோலாய்ப் பளபளத்த கரி.
கண்ணாடியில் சிலந்திவலை விரிசல்:
சட்டென ஏறிய சூடு, ஆகவே பெட்ரோல்.
தரையில் குட்டை குட்டையாய் எரிந்த தடம்:
எவனோ ஊற்றிக்கொண்டே பின்வாங்கியிருக்கிறான்.
எந்தக் காலை முதலில் எடுத்துவைத்தான் என்றுகூட
அன்று சொல்லியிருப்பேன்.

பெப்பர் இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள்.
உட்கார்ந்தால் மோப்பம் பிடித்தாள் என்று பொருள்.
பிஸ்கட் கொடுத்தேன்.
இரண்டு இடத்துக் கரியையும் தகர டப்பாவில் அடைத்து
தேதியும் கையெழுத்தும் இட்டு அனுப்பினேன்.
ஆய்வகம் ஒன்றுமில்லை என்றது.
நாயின் மூக்கு இயந்திரத்தைவிட நுட்பம் என்று
சாட்சிக்கூண்டில் சொன்னேன்.
ஜூரிகள் பன்னிரண்டு பேரும் தலையசைத்தார்கள்.
அவர்கள் வீட்டிலும் நாய்கள் இருந்தன.

லோர்ன் பிட்ஸ்கால்னிக்குக் கடன் இருந்தது.
காப்பீட்டை அந்த இலையுதிர்காலத்தில்தான் கூட்டியிருந்தான்.
நெருப்பில்லாமல் புகையுமா என்றார் அரசு வழக்கறிஞர்.
நெருப்பை யாரும் மறுக்கவில்லையே,
கேள்வி கையைப் பற்றியது.
தீவைப்பு, அதனால் ஒரு மரணம்:
பதினான்கு ஆண்டு.
காப்பீட்டு நிறுவனம் ஒரு பக்கக் கடிதத்தில்
கோப்பை மூடியது.

ஒன்பது ஆண்டு கழித்து
ஆல்பர்ட்டாவில் ஒரு பயிற்சிக் களம்.
அறை கட்டி, சோபா போட்டு, கம்பளம் விரித்து,
சோபாவின் மூலையில் ஒரே ஒரு தீக்குச்சி.
பெட்ரோல் ஒரு சொட்டில்லை, நானே முகர்ந்து பார்த்தேன்.
நான்காம் நிமிடம்
கூரையடியில் திரண்ட புகை கனன்று
அறை மொத்தமும் ஒரே மூச்சில் பற்றியது.
குழாயைத் திறந்தார்கள்.
கொதித்த கண்ணாடியில் தண்ணீர் பட்டதும்
டிக், டிக், டிக்.
சிலந்திவலை.

கடைக்குள் அன்று தண்ணீர் அடித்தவர்கள்
எங்கள் ஆட்கள்.

தரையில் குட்டை குட்டையாய்த் தடம்.
எவனும் நடக்கவில்லை அங்கே.
மற்றவர்கள் காபி குடிக்கப் போனார்கள்.
நான் தடத்தை அளந்தேன்.
மறுபடி அளந்தேன்.

பிரமாணப் பத்திரம் எழுதப் பதினாறு நாள்.
"என் சாட்சியம் தவறு" என்று எழுதியதை
"முழுமையற்றது" என்று மாற்றச் சொன்னார்கள்.
தவறு என்றே விட்டேன்.
அது வீரமில்லை,
வேறு சொல் தேடத் தெம்பில்லை.

தண்டனை ரத்தானது.
மறு விசாரணை வேண்டாம் என்றது அரசு.
நைகார்டின் சிகரெட்டா, சுவருக்குள் பழைய ஒயரா,
ஒருவேளை லோர்னேதானா,
இன்றும் தெரியாது.
நைகார்டின் மகள் சிங்னே
நீதிமன்ற வாசலில் என்னை மறித்தாள்.
"அப்படியானால் யார்?"
நான்காவது கட்டத்தை அவளிடம் எப்படிக் காட்டுவது?

லோர்ன் வெளியே வந்தான். தலை நரைத்திருந்தது.
மன்னிப்பை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.
அவன்தான் முதலில் கேட்டான்:
"அந்த நாய் இருக்கிறதா?"
செத்து ஆறு வருஷம் என்றேன்.
"அதன்மேல் எனக்குக் கோபமில்லை.
உட்காரத்தானே பழக்கியிருந்தீர்கள்."

கையை நீட்டினேன்.
அவன் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.
அதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.