நாற்பத்தொன்று

மார்ச்சிலேயே தொடங்கிவிட்டது எங்கள் ஜூலை.
ஜன்னலுக்கு வெளியே சஸ்காட்செவான்
வெள்ளையாக விறைத்துக் கிடந்தது.
சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தேன்.
ஒரு மூலைக்குக் கெச்சப் புட்டி, ஒன்றுக்கு ஊறுகாய் ஜாடி,
மிச்ச இரண்டுக்கும் போக்டனின் பூட்ஸ்.

மேவுக்கு ஏரி மட்டும் போதாது,
ஓடிவந்து குதிக்க ஒரு மரமேடை வேண்டும்.
லெவ்கோவுக்குக் கொசு ஆகாது.
கரடி பரவாயில்லையாம்.
போக்டன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே
"எங்கேன்னாலும் சரி" என்றான்.
எங்கேன்னாலும் சரி என்பவனுக்கு இடம் தேடுவதுதான்
எல்லாவற்றிலும் கஷ்டம்.

அவன் கேட்காததை நான் தேடினேன்:
கம்பத்தில் ஒரு பிளக்.
ராத்திரி முகத்தில் மாட்டிக்கொள்ளும் மூச்சு மெஷினுக்கு
விடியும்வரை கொஞ்சம் கரண்ட்.
நவம்பரில் டாக்டர் சொன்னார்,
மணிக்கு முப்பத்தெட்டு தடவை நிற்கிறதாம்.
"எது?" என்றான் இவன்,
டிராக்டரைப் பற்றிக் கேட்பதுபோல.

முன்பதிவு திறந்த காலை
ஏழு மணி நாலு நிமிஷத்துக்குள்
கரண்ட் உள்ள இடமெல்லாம் போய்விட்டது.
இன்னொன்றில் கரண்ட் இருந்தது, பக்கத்தில் பெட்ரோல் பங்க்கும்.
படத்தில் அந்தக் கூடாரங்கள்
லாரிக்குக் காத்திருக்கும் மூட்டைகள்போலத் தெரிந்தன.
மூன்றாவதில் ஏரி. மரமேடை. பைன் மரங்கள்.
கொசு பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.
இடம் எண் நாற்பத்தொன்று, இரவுக்கு இருபத்திரண்டு டாலர்,
மின்சாரம் கிடையாது.
பின்னால் ஓடிய கறுப்புக் கோட்டில்
குறுக்கே சின்னச் சின்னக் கீறல்கள்.
வேலி என்று நினைத்தேன்.

பிறகு ஒரு பேட்டரி வாங்கினேன்,
கன்றுக்குட்டி கனம், இரண்டு இரவு தாங்குமாம்.
கடைக்காரர் சத்தியம் செய்யாத குறை.

வேலி இல்லை அது. தண்டவாளம்.
முதல் இரவு தெரியவில்லை,
ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிய அசதி.
இரண்டாம் நாள் மேவ் அவளுடைய ரப்பர் கொக்குக்குக்
காற்றடித்தாள், மூன்று முறை,
எந்தப் பேட்டரியில் என்று நான் கேட்கவில்லை.
இளஞ்சிவப்புக் கொக்கு ஏரி முழுக்க மிதந்தது.
மரமேடையிலிருந்து போக்டன் குதித்தான்,
தொந்தியைப் பிடித்துக்கொண்டு, குண்டுபோல.
அந்த ஒரு குதிக்காகவே இடத்துக்கு
முழு மதிப்பெண் போட்டேன்.

ராத்திரி இரண்டு பத்துக்குச் சிவப்பு விளக்கு.
மெஷின் ஒரு பெருமூச்சு விட்டு அணைந்தது.
தூக்கத்திலேயே முகமூடியைக் கழற்றி
என் கையில் கொடுத்தான்,
தியேட்டரில் கோட்டைக் கொடுப்பதுபோல.

பிறகு நான் காது மட்டும்தான்.
குறட்டை, குறட்டை,
குறட்டை இல்லை.
என் முழங்கை அவன் விலாவைத் தேடிப் போகும்,
ஒரு கனைப்பு, மறுபடி குறட்டை.
இருபத்தேழு வரை எண்ணினேன்.
அப்போதுதான் வந்தது ரயில்.
பொட்டாஷோ கோதுமையோ,
கூடாரத் துணி நடுங்க, பைன் ஊசிகள் மேலே உதிர,
ஒவ்வொரு பெட்டியாய்.
வேறு வழியில்லாமல் பெட்டிகளை எண்ணினேன்.
அவன் மூச்சை அந்தச் சத்தம் தின்றுகொண்டிருந்தது.
உள்ளங்கையை மார்பில் வைத்தேன்.
ஏறவில்லை.
ஏறவில்லை.
ஏறியது.

கடைசிப் பெட்டியும் போனபின் இருட்டிலிருந்து
லெவ்கோவின் குரல்: "நூற்றுப் பதினாலு."
"நீ தூங்கலையா?"
"நீ எவ்வளவு எண்ணினே?"
"நூற்றுப் பதிமூணு."
"ஒண்ணை விட்டுட்டேம்மா."
ஆமாம் என்றேன்.
கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக:
"அப்பா பக்கம் நான் வந்து படுக்கவா?
நீ கொஞ்சம் தூங்கு."
ஒன்பது வயது. கொசுவுக்குப் பயம்.
எத்தனை இரவாய்க் கேட்டுக்கொண்டிருக்கிறானோ.

முழங்கை எங்கே படவேண்டும் என்று காட்டினேன்.
போக்டன் பாதி விழித்து,
"எங்கே இருக்கோம்?" என்றான்.
"நாற்பத்தொண்ணில."
"சரி" என்று திரும்பிப் படுத்தான்.