ஐந்தாவது இலக்கு

தயிர்ப்பேணி மூடிகள் ஐந்து.
நடுவில் துளை போட்டு
ஒவ்வொன்றிலும் ஒளிக்கண் பதித்தேன்.
உளுந்தளவு உடம்பு, நீளக் கால்கள்.
அக்கம்பக்கம் பார்க்காமலிருக்க
மை தீர்ந்த பேனைகளின் கூட்டை வெட்டிக்
குழலாக மாட்டினேன்,
குதிரைக்குக் கண்பட்டை கட்டுவதுபோல.

ஆரபிக்குப் பதினொரு வயதாகிறது.
வருகிற பன்னிரண்டு பேரும்
சுட்டு விளையாட வேண்டுமாம்.

"வீட்டுக்குள்ள துவக்கோ?" என்றார் இவர்.
கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல்
குளிர்ப்பெட்டியைத் திறந்து
எதையும் எடுக்காமல் மூடினார்.

துவக்கில்லை, வெறும் குழாய்.
பழுதான ரிமோட்டின் நெற்றிக் குமிழ்,
முன்னால் ஒரு வில்லை, பின்னால் ஒரு பொத்தான்.
புறப்படும் வெளிச்சம்கூடக் கண்ணுக்குத் தெரியாது.
பட்டால் மணி அடிக்கும், இலக்கம் ஏறும்.
அவ்வளவுதானப்பா.

சனிக்கிழமை காலை
மேசையில் நிரையாக வைத்து
மின்சாரம் கொடுத்த கையோடு
ஐந்தும் ஒன்றாய் அலறின.
யன்னலால் வந்த வெயில்
பொத்தான் எதையும் அழுத்தாமலே
எல்லாவற்றையும் சுட்டுவிட்டது.

வெயிலோடு மல்லுக்கட்ட முடியாது.
பழகிவிடலாம்.
வழியில் ஒரு மின்தேக்கி வைத்தேன்.
நிலையாய் நிற்பதை அது உள்ளே விடாது;
மாறுவது மட்டுமே அதற்குச் செய்தி.
எனக்குள்ளும் அப்படியொன்று இருக்கவேண்டும்.
கைசர் தெருவுக்குக் குடிவந்த புதிதில்
ரயிலுக்கு ரயில் திடுக்கிட்டு எழும்பினவள்
இப்போது குறட்டை விடுகிறேனாம்.

அமைதி.
தேத்தண்ணி வைக்கப் போனேன்.
கேத்தில் கொதிக்கமுன் மணி.

ஓடிவந்தால் அறையில் ஒருவருமில்லை.
வெளியே, எங்கள் மாடிக்கு நேராக,
வுப்பர்டாலின் தொங்குரயில்
நீல உடம்பை இழுத்துக்கொண்டு
ஃபோவிங்கல் முடிவிடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.
வெயிலை அது மறைத்தபோதல்ல,
விலகி
வெளிச்சம் திரும்பி வந்தபோதுதான்
அடி பட்டதென்று எண்ணியிருக்கிறது என் இலக்கு.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள்.
எய்தவனும் இல்லை, அம்பும் இல்லை.
பட்டது மட்டும் சிவப்பாய் எரிகிறது: 1.

ஞாயிறு முழுக்கத் திருத்தம்.
குழாயின் வெளிச்சத்தை
நொடிக்கு இரண்டாயிரம் தரம் துடிக்கவிட்டு,
அந்தத் துடிப்பில்லாத எவனுக்கும்
வாய் திறவாதே என்று
நாலுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.
ஐந்தாவதற்குச் சில்லு போதவில்லை.

பிறந்தநாளில்
யானிஸ் சோபாவுக்கடியில் படுத்துச் சுட்டான்.
ஆரபிக்கு முப்பத்தொன்று.
ஒற்றைக் கண்ணை மூடத் தெரியாமல்
இரண்டையும் மூடிக்கொண்டு சுட்ட மெஹ்தாப்
நாற்பத்துநாலு எடுத்து வென்றாள்.
இவர் குசினியில் நின்று
கேக் வெட்டிய கத்தியை
நெடுநேரம் கழுவினார்.

திங்கள் பார்த்தால்
ஐந்தாவது இலக்கு யன்னல் விளிம்பில்.
ஆர் வைத்தது?
ஒருவரும் சொல்லவில்லை.
வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றமுன்னே
கேட்கத் தொடங்கினார்:
"இண்டைக்கு எத்தனை?"
வெயிலுள்ள நாளில் நூறு தாண்டும்.
முகில் மூடினால் பன்னிரண்டு, பதின்மூன்று.
மழையில் பூச்சியம்.
நாட்காட்டியின் கட்டங்களுக்குள்
பென்சிலால் எழுதிவைக்கிறார்.

ஏப்ரலில் ஒருநாள்
ரயில்காரர் வேலைநிறுத்தம்.
இரும்புப் பாலத்தின் கீழே
நல்ல வெயில் சும்மா கிடந்தது.
இவர் நடந்தே வேலைக்குப் போனார்.
பத்துமணிக்கும் பூச்சியம்,
பன்னிரண்டுக்கும்.
காது எதையோ தேடிக்கொண்டேயிருந்தது.
பழகின சத்தம் நின்றால்
அதுதான் மாற்றம் போல.

மூன்று மணியளவில்
ஒன்றாவது வருகிறதா என்று
யன்னலால் எட்டிப் பார்த்தேன்.
தண்டவாளம் வெறுமை.
தலையை உள்ளே எடுத்தேன்.

மணி அடித்தது.

அன்றைய கட்டத்தில்
இவர் எழுதியிருப்பது ஒன்று.
ரயில் ஓடாத நாளில் அது எப்படி என்று
அவரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.